இ.சி.ஜி. தாளில் 'பார்டர்லைன்' என்று வந்தால்: குடியாத்தம் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு வயது 47. குடியாத்தம் பக்கத்துக் கிராமம். கர்ப்பப்பையில் கட்டி இருந்து மாதாமாதம் ரத்தப்போக்கு அதிகமாகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று வேலூரில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்காக ஊரிலேயே ஒரு லேபில் இ.சி.ஜி. எடுத்தேன். தாளின் மேலே 'பார்டர்லைன் இ.சி.ஜி.' என்றும், கீழே 'புவர் ஆர் வேவ் ப்ரோக்ரஷன், நான்ஸ்பெசிஃபிக் டி வேவ் அப்நார்மாலிட்டி, பார்டர்லைன் ப்ரோலாங்க்டு க்யூ.டி.' என்றும் அச்சாகியிருக்கிறது. துடிப்பு 100, க்யூ.டி. 360, க்யூ.டி.சி. 465. 'ஹார்ட் டாக்டரைப் பாருங்க' என்பதோடு லேபில் முடித்துக்கொண்டார்கள். என் நாத்தனாரோ 'இது எப்பவோ வந்துட்டுப் போன அட்டாக், உடனே ஆஞ்சியோ எடுத்துடு' என்கிறார். மூன்று வருடமாக பி.பி.க்கு டெல்மிசார்டான்–ஹெச் மாத்திரை சாப்பிடுகிறேன். சுகர் இல்லை. ஹீமோகுளோபின் 8.9. நெஞ்சு வலி வந்ததில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்கும். வாயுத் தொல்லைக்கு நானாகவே தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை போடுவேன். எனக்கு இதய நோய் இருக்கிறதா? ஆபரேஷன் தள்ளிப்போகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், இந்தத் தாளை மட்டும் நம்பி யாரும் உங்களுக்கு 'பழைய அட்டாக்' என்று சொல்ல முடியாது. ஆஞ்சியோவுக்கு ஓட வேண்டிய அவசரமும் இதில் இல்லை. அதற்காகத் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு நேராக ஆபரேஷனுக்குப் போய்விடவும் கூடாது. நடுவில் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகள்தான், அதிகச் செலவில்லாதவை. இதயத்தை விடவும் உங்கள் ரத்தத்தையும் மாத்திரைகளையும்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த 'பார்டர்லைன்' என்ற வார்த்தையைப் பார்ப்போம். அதை எழுதியது டாக்டர் இல்லை, மெஷின். இ.சி.ஜி. மெஷினுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு அலையின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, இந்த எண்ணுக்குள் இருந்தால் நார்மல், தாண்டினால் அப்நார்மல், கோட்டை ஒட்டி நின்றால் பார்டர்லைன் என்று பிரித்துவிடும். ஒரு நோயைக்கூடத் தவறவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கோட்டைக் கொஞ்சம் இறுக்கமாகவே போட்டிருப்பார்கள். அதனால் நல்ல இதயங்களும் நிறைய அதில் மாட்டிக்கொள்ளும். உங்களுக்கு ரத்தம் குறைவு என்பதோ, நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதோ, போன வருட இ.சி.ஜி. எப்படி இருந்தது என்பதோ அந்த மெஷினுக்குத் தெரியாது. தாளின் ஓரத்தில் 'அன்கன்ஃபர்ம்டு' என்று சின்னதாக அச்சாகியிருக்கிறதா பாருங்கள். டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடும் வரை இது முடிவில்லை என்று மெஷினே ஒத்துக்கொள்ளும் இடம் அது.

இப்போது தாளைக் கையில் எடுத்து, தலைப்பகுதியைப் படியுங்கள். பெயருக்குப் பக்கத்தில் வயது 47, பெண் என்று சரியாக இருக்கிறதா? அவசரத்தில் வயதைப் போடாமலும், ஆண் என்றே விட்டுவிட்டும் எடுப்பது சில இடங்களில் நடக்கிறது. க்யூ.டி.சி. அளவுக்கு (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) ஆணுக்கு 450, பெண்ணுக்கு 460 மில்லிசெகண்ட் என்று கோடே வேறு. தப்பான வயதையும் பாலினத்தையும் கொடுத்தால் மெஷினின் தீர்ப்பும் தப்பாகத்தான் வரும். அடுத்து '25 எம்.எம்./செகண்ட்', '10 எம்.எம்./எம்.வி.' என்ற இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தாள் ஓடும் வேகம். இந்த வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி. இரண்டாவது, அலையின் உயரத்துக்கான அளவுகோல். வரியின் தொடக்கத்திலோ முடிவிலோ பெட்டி மாதிரி ஒரு கோடு நிமிர்ந்து நிற்கும். அது சரியாக இரண்டு பெரிய கட்ட உயரம் இருக்க வேண்டும். ஒரே கட்டம்தான் என்றால் பாதி அளவில் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அலைகளெல்லாம் பாதியாகத் தெரியும், பார்க்கிறவர் கவனிக்காவிட்டால் அலை சிறியது என்றே நினைப்பார்.

துடிப்பை நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு உயரமான கூர்முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதனால் வகுங்கள். உங்களுக்கு மூன்று கட்டம் வரும். 300-ஐ 3-ஆல் வகுத்தால் 100.

இனி 'புவர் ஆர் வேவ் ப்ரோக்ரஷன்'. உங்கள் நாத்தனார் பயப்படுவது இதைக் கேட்டுத்தான் என்று நினைக்கிறேன். நெஞ்சில் வி1 முதல் வி6 வரை ஆறு லீடு வைக்கிறார்கள். வி1-இல் மேல்நோக்கிய முனை, அதாவது ஆர் அலை, சின்னதாக இருக்கும். வி2, வி3, வி4 என்று போகப் போக அது படிப்படியாக வளர வேண்டும். வி3-இல் கூட மூன்று சின்னக் கட்டத்தைத் தாண்டவில்லை என்றால் மெஷின் இந்த வாசகத்தைப் போடும். இதயத்தின் முன்சுவர் எப்போதோ அட்டாக்கில் செத்துப்போயிருந்தால் இப்படி வரும் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு காரணம் மட்டுமே. உடல் பருமன், நுரையீரல் காற்று தங்கி விரிந்திருப்பது, பி.பி.யால் இதயச் சுவர் தடிப்பது, எந்த நோயும் இல்லாத சிலரின் உடலமைப்பு ஆகியவற்றிலும் இதே வாசகம் வரும். எல்லாவற்றையும் விட சாதாரணமாக நடப்பது, லீடை ஓரிரு விரற்கடை மேலே வைத்துவிடுவது.

பெண்களுக்கு இந்தத் தவறு அதிகம் நடப்பதற்குக் காரணம் கூச்சம். எடுப்பவர் ஆணாக இருந்தால், ஜாக்கெட்டின் மேல் ஊக்கை மட்டும் கழற்றச் சொல்லி, கைக்கு எட்டிய இடத்தில், கழுத்துக்குக் கீழேயே வி1, வி2-வை வைத்துவிடுவார். மார்பகத்துக்குக் கீழே வர வேண்டிய வி4, வி5, வி6 மார்பகத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். இதயம் இருக்கும் இடத்தை விட்டு லீடு மேலே போனால் ஆர் அலை குட்டையாகும். வி1, வி2-வில் டி அலை தலைகீழாகவும் மாறலாம். 'செப்டல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடர்மின்ட்' (எப்போது வந்தது என்று தெரியாத அட்டாக்) என்று சில பெண்களின் தாளில் அச்சாகி வீடே கலங்கிப்போவதும் பல நேரம் இதே காரணத்தால்தான்.

சரியான இடம் எது என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை உதவும். தொண்டைக் குழியில் விரலை வையுங்கள். அங்கிருந்து நடு நெஞ்செலும்பின் மேலேயே சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இறக்கினால், குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டிலிருந்து பக்கவாட்டில் போகும் எலும்பு இரண்டாவது விலா. அதற்குக் கீழே விரல் அழுந்தும் பள்ளம் இரண்டாவது இடைவெளி. இன்னொரு விலாவைத் தாண்டினால் மூன்றாவது, அடுத்ததைத் தாண்டினால் நான்காவது. இந்த நான்காவது இடைவெளியில், நெஞ்செலும்பின் வலது ஓரத்தில் வி1, இடது ஓரத்தில் வி2. இடது காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போட்டால், ஐந்தாவது இடைவெளியில் அது வந்து நிற்கும் இடம் வி4. வி2-வுக்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி4-இன் மட்டத்திலேயே, அக்குளின் முன்மடிப்புக்கு நேராக வி5, அக்குளின் நடுவுக்கு நேராக வி6. மார்பகத்தைத் தூக்கிவிட்டு அடியில்தான் வைக்க வேண்டும். உங்களிடம் எடுத்தவர் விலாவை எண்ணிப் பார்த்தாரா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எண்ணவில்லை என்றால் அந்த வாசகத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

ஆகவே முதல் வேலை, இ.சி.ஜி.யை மறுபடி எடுப்பது. ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவமனையிலேயே எடுக்கலாம். குடியாத்தம் அரசு மருத்துவமனையிலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எடுக்கலாம். பெண் நர்ஸோ டெக்னீஷியனோ எடுக்கட்டும் என்று கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை, கேட்பதில் தயக்கம் வேண்டாம். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி உடை போட்டுக்கொண்டு, மேலே போர்த்திக்கொள்ள ஒரு துப்பட்டா எடுத்துப் போங்கள். தாலியைக் கழற்றத் தேவையில்லை. சரடோ செயினோ லீடுகள் மேல் படாமல் தோள் பக்கம் ஒதுக்கிவிட்டால் போதும். கை கிளிப்பை வளையலின் மேல் மாட்டாமல், வளையலை மேலே ஏற்றிவிட்டுத் தோலின் மேல் மாட்ட வேண்டும். நம் பக்கம் பரவலாக இருக்கும் கிளிப்புகளில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். சிவப்பும் மஞ்சளும் இடம் மாறினால் தாளில் 'I' என்று குறித்த வரியில் எல்லாமே தலைகீழாகி, புதிதாக ஒரு 'நோய்' முளைக்கும்.

வேலூர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கத்திரி நாளில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வியர்த்து வழிய நேராகப் படுக்கையில் போய்ப் படுத்தால் லீடு தோலில் சரியாக ஒட்டாது, கோடு மேலும் கீழும் அலையும். நெஞ்சை உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஜெல்லியை ஒரே இழுப்பாக வி1-லிருந்து வி3 வரை பூசினாலும் தொல்லைதான். ஜெல்லி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மூன்று லீடும் ஒன்றாகிவிடும், மூன்றிலும் ஒரே மாதிரி அலை வரும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னப் பொட்டுப் போதும். எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் அமைதியாகப் படுத்திருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு போக வேண்டாம், சாப்பாட்டுக்குப் பின் டி அலை தட்டையாவது உண்டு. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டாலும் அது மாறும்.

அடுத்தது 'நான்ஸ்பெசிஃபிக் டி வேவ்'. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: இன்ன நோய் என்று கைகாட்டாத மாற்றம். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தில் வருவது டி அலை. ரத்தத்தில் உப்புச் சத்துகள் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது உடனே வடிவம் மாறும். உங்கள் கடிதத்திலேயே அதற்கு இரண்டு காரணங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று ரத்தசோகை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. உங்களுக்கு 8.9. ரத்தம் குறைந்தால் அதே பிராணவாயுவைக் கொண்டுபோய்ச் சேர்க்க இதயம் வேகமாக ஓட வேண்டும். துடிப்பு 100 ஆக இருப்பதற்கும், மாடி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும் இதுவே போதுமான காரணம். டி அலை மாற்றத்துக்கும் இது காரணமாகலாம்.

இன்னொன்று பி.பி. மாத்திரை. பெயரின் கடைசியில் வரும் அந்த 'ஹெச்' பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடைக் குறிக்கும். அது சிறுநீரை வெளியேற்றும் மருந்து, சிறுநீரோடு பொட்டாசியத்தையும் கொண்டுபோய்விடும். டெல்மிசார்டான் பொட்டாசியத்தைக் கொஞ்சம் தக்கவைக்கும் என்பதால் ஓரளவு ஈடாகலாம். ஆனாலும் வெயிலில் வியர்த்தோ, வயிற்றுப்போக்கு வந்தோ, சரியாகச் சாப்பிடாமலோ இருக்கும் நாட்களில் அது குறைந்துவிடும். இயல்பான அளவு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். அதற்குக் கீழே போனால் டி அலை தட்டையாகும், அதன் பின்னால் 'யு' என்ற குட்டி அலை ஒன்று எட்டிப் பார்க்கும், க்யூ.டி. நீண்டதாகத் தெரியும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பி.பி. எகிறிவிடும். பொட்டாசியத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு தினம் இரண்டு மூன்று இளநீர் குடிக்கவும் வேண்டாம். டெல்மிசார்டான் சாப்பிடுபவருக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் மந்தமாக இருந்தால் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறும், அது குறைவதை விட ஆபத்து. முதலில் ரத்தத்தில் அளந்து பாருங்கள். பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், கிரியாட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். எல்லாவற்றையும் ஒரே தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

மூன்றாவது வரியான க்யூ.டி.யைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் அதிகக் கவனம் போகிறது. க்யூ.டி. என்பது இதயத்தின் கீழறைகள் மின்சாரத்தால் தூண்டப்பட்டு, மறுபடி பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம். துடிப்பு வேகமாக இருந்தால் அது தானாகச் சுருங்கும் என்பதால், துடிப்புக்குத் தகுந்தபடி திருத்திய எண்ணாக க்யூ.டி.சி.யைப் போடுகிறார்கள். பெரும்பாலான மெஷின்கள் இதற்கு பாஸெட் கணக்கைப் பயன்படுத்துகின்றன. அந்தக் கணக்கு நிமிடத்துக்கு 60 துடிப்பை ஒட்டி நன்றாக வரும். துடிப்பு 100-ஐத் தொட்டால் உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். துடிப்பு 100 என்றால் இரண்டு துடிப்புக்கு நடுவே 0.6 வினாடி. 360-ஐ 0.6-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 465. மெஷின் போட்டது இதுதான். வேகமான துடிப்புக்கு இன்னும் பொருந்தும் ஃப்ரிடெரிசியா கணக்கில் கனமூலத்தால் வகுக்க வேண்டும், அப்போது வருவது 427. பெண்ணுக்கு 460-தான் கோடு என்னும்போது 427 முழுக்க நார்மல். ஒரே தாள், ஒரே அலை, கணக்கு மாறியதும் பார்டர்லைன் காணாமல் போகிறது.

அப்படியிருந்தும் ஏன் கவனம் என்கிறேன்? உங்கள் கேஸ் மாத்திரையால்தான். அதன் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். பான்டோபிரசோல் அல்லது ராபிபிரசோலோடு டோம்பெரிடோன் என்று சேர்ந்திருக்கிறதா? டோம்பெரிடோன் க்யூ.டி.யை நீட்டக்கூடிய மருந்து. வருடக்கணக்கில் பான்டோபிரசோல் வகையைப் போட்டால் மெக்னீசியம் குறையலாம். அதுவும் க்யூ.டி.யை நீட்டும். போதாததற்கு வயிற்று அமிலத்தை அது அடக்கிவிடுவதால், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் உடம்பில் சரியாகச் சேராது. ரத்தம் குறைவாக இருப்பவர் டாக்டர் சொல்லாமல் தினமும் கேஸ் மாத்திரை போடுவது இரும்பை உள்ளே போகவிடாமல் கதவைச் சாத்துகிற வேலை. வாயுத் தொல்லைக்கு உண்மையான காரணம் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை டோம்பெரிடோன் கலந்ததை நிறுத்திவிடுவது நல்லது. அஜித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல், மனநலத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதே வேலையைச் செய்பவை. ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வராமலிருக்கப் போடும் ஆன்டான்செட்ரானும் அந்த வகைதான். எனவே மயக்க மருந்து டாக்டரிடம், 'என் க்யூ.டி.சி. ஒரு தடவை 465 காட்டியது' என்று சொல்லிவிடுங்கள். பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டு மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார். க்யூ.டி.சி. 500-ஐத் தாண்டினால்தான் உண்மையான அபாயம், நீங்கள் அதற்கு வெகுதூரத்தில் இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ, நீங்களே காரணமில்லாமல் மயங்கி விழுந்திருந்தாலோ அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது இதே 465-ஐ வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுக்க வேண்டுமா? உங்களுக்கு எடுக்கலாம் என்றே சொல்வேன். மறுபடி எடுத்த இ.சி.ஜி. சுத்தமாக வந்தால் அவசரமில்லை. ஆனாலும் மூச்சு வாங்குவதை ரத்தசோகை என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது, மூன்று வருட பி.பி.யும் இருக்கிறது. எக்கோவில் ஊசி இல்லை, வலி இல்லை. ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். 'நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ.' என்றிருந்தால் இதயச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே சீராக அசைகிறது என்று பொருள். முன்சுவரில் பெரிய பழைய அட்டாக் வந்திருந்தால் அந்த இடம் அசையாமல் காட்டிக்கொடுக்கும். உங்கள் நாத்தனாரின் சந்தேகத்துக்கு நேரான பதில் அந்த ஒரு வரிதான். 'இ.எஃப்.' 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இதயத்தின் பம்பு நன்றாக வேலை செய்கிறது. சுவரின் தடிமன் பெண்களுக்கு 9 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் இருந்தால் பி.பி. இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு மருந்தைச் சரிசெய்ய வேண்டும்.

டிரெட்மில் டெஸ்ட் இப்போது வேண்டாம். ஹீமோகுளோபின் 8.9-ஐ வைத்துக்கொண்டு ஓடினால், அடைப்பே இல்லாமலும் 'பாசிட்டிவ்' என்று வர வாய்ப்பிருக்கிறது. அதுவும் பெண்களுக்கு இந்த டெஸ்டில் பொய்யான பாசிட்டிவ் ஆண்களை விட அதிகம். அங்கிருந்து பயம் தொடங்கி ஆஞ்சியோவில் போய் நிற்கும். ஆஞ்சியோ என்பது மணிக்கட்டிலோ தொடையிலோ ரத்தக் குழாய்க்குள் டியூபை விட்டு, சாயம் செலுத்திப் பார்ப்பது. ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. நெஞ்சு வலி இல்லாமல், எக்கோவில் குறை இல்லாமல், ஒரு 'பார்டர்லைன்' வார்த்தைக்காக அதைச் செய்யும் அவசியம் இல்லை.

ஆபரேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மயக்க மருந்து டாக்டர் உங்களிடம் கேட்கப்போகும் முக்கியமான கேள்வி: 'நிற்காமல் இரண்டு மாடி ஏற முடியுமா?' அதைத் தெரிந்துகொள்ள சோளிங்கர் மலைப்படி ஏறிப் பார்க்க வேண்டாம், வீட்டுப் படியில் உங்கள் வேகத்தில் ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினாலும் நிற்காமல் ஏறிவிட்டீர்கள் என்றால் இதயம் இந்த ஆபரேஷனைத் தாங்கும் என்பதற்கு நல்ல அறிகுறி. பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது, நெஞ்சு இறுக்குகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் அதையே சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால் இ.சி.ஜி.யை விட ஹீமோகுளோபினால்தான் தள்ளிப்போகும். 8.9-ஓடு மேஜைக்குப் போய், அங்கே இன்னும் ரத்தம் இழந்தால் இதயத்துக்கு அதுதான் சுமை. ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் இருந்தால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றிக்கொள்ளலாமா, அதுவரை ரத்தப்போக்கைக் குறைக்க மருந்து உண்டா என்று மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையாகச் சாப்பிட்டால் டீ, காபியோடு சேர்க்காதீர்கள். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். டெல்மிசார்டானை ஆபரேஷனுக்கு முந்தைய நாளோடு நிறுத்தச் சொல்வது பல இடங்களில் வழக்கம். உங்களுக்கு எப்படி என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்லட்டும்.

இதே போலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படும் மற்றவர்களுக்கும் சில வரி. 'சைனஸ் பிராடிகார்டியா', அதாவது துடிப்பு 60-க்குக் கீழே, உடலுழைப்பு உள்ளவர்களுக்கும் பி.பி.க்கு மெட்டோப்ரோலால், அட்டினோலால் போடுபவர்களுக்கும் சகஜம். தலைசுற்றலோ மயக்கமோ இல்லாதவரை பயமில்லை. 'இன்கம்ப்ளீட் ஆர்.பி.பி.பி.' (இதயத்தின் வலப்பக்க மின்பாதையில் சின்னத் தாமதம்) ஆரோக்கியமானவர்களிடமும் வரும், வி1-ஐ மேலே வைத்தாலும் வரும். 'ஃபர்ஸ்ட் டிகிரி ஏ.வி. பிளாக்' என்பது பி.ஆர். இடைவெளி ஒரு பெரிய கட்டத்தை, அதாவது 200 மில்லிசெகண்டைக் கொஞ்சம் தாண்டுவது. பிளாக் என்றதும் ரத்தக் குழாய் அடைப்பு என்று நினைத்துவிட வேண்டாம், இது மின்சாரம் கடக்கும் தாமதம். ஒல்லியான இளைஞர்களுக்கு 'எல்.வி.ஹெச். பை வோல்டேஜ்' (அலை உயரமாக இருப்பதால் இதயச் சுவர் தடித்திருக்கலாம்) என்று வருவது பெரும்பாலும் நெஞ்சுச் சுவர் மெலிந்திருப்பதால். ஆனால் 'எல்.பி.பி.பி.' (இடப்பக்க மின்பாதையில் தடை), 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' (ஒழுங்கில்லாத துடிப்பு), 'டபிள்யூ.பி.டபிள்யூ.' (கூடுதலாக ஒரு மின்பாதை) என்று இருந்தால் அவற்றை பார்டர்லைன் கணக்கில் சேர்க்காமல் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, இதை அழுத்தியே சொல்கிறேன். படுத்துக்கொண்டு எடுத்த இ.சி.ஜி. முழு நார்மலாக இருந்தாலும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். ஓய்வில் இருக்கும் இதயத்தை, பத்து வினாடி எட்டிப் பார்ப்பது மட்டும்தான் அது. எனவே நடக்கும்போது நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறது என்றால், 'அன்றைக்கு எடுத்தது நார்மல்தானே' என்று இருந்துவிடாதீர்கள். நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, பெண்களுக்கு மேல்வயிற்று எரிச்சலும் காரணமில்லாத அசதியும் என்று வந்து சில நிமிடங்களில் விடவில்லை என்றால் சோடா குடித்துப் பார்க்க நேரமில்லை, உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி தாமதமாகும் கிராமமாக இருந்தால், பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் எது என்பதை இன்றே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், அங்கே மாரடைப்புக்கான முதல் மருந்துகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. உங்களுக்கு ரத்தப்போக்கு அதிகம் என்பதால் ஆஸ்பிரினை நீங்களாக விழுங்க வேண்டாம், ரத்தப்போக்கைச் சொல்லி அவர்கள் கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த இ.சி.ஜி. தாளைப் பத்திரப்படுத்தும் விதம். பெரும்பாலானவை வெப்பத்தில் அச்சாகும் தாள். பிளாஸ்டிக் கவருக்குள் செருகி, பீரோவிலோ வெயில் படும் ஜன்னல் ஓரத்திலோ வைத்தால் கொஞ்ச காலத்தில் கோடுகள் மங்கி வெறும் கட்டம் மட்டும் மிஞ்சும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள், ஃபோனிலும் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸின் பின்பக்கம் எடுத்த தேதி, அன்று நெஞ்சில் வலி இருந்ததா, என்ன மாத்திரைகள் சாப்பிட்டீர்கள், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நான்கு வரி எழுதுங்கள். மூன்று வருடத்துக்கு முன் பி.பி. கண்டுபிடித்தபோது இ.சி.ஜி. எடுத்திருந்தால் வீட்டில் தேடிப் பாருங்கள். அன்றைக்கும் ஆர் அலை இதே குட்டையாக இருந்திருந்தால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். பழையது, இப்போது எடுத்தது, மறுபடி எடுக்கப்போவது, இந்த மூன்றையும் கேஸ் மாத்திரைப் பட்டையையும் ஒரே கவரில் போட்டு, ஆபரேஷன் தேதிக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.